சின்ன நாவலின் பக்கம் நிற்கிறேன்: சிங்காரத்தைப் படித்த பிறகு

4 மார்ச்

ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் ஒரே தொகுதியாகக் கட்டிய பதிப்பில் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ அதற்கான ஒத்திகை என்று ஒரே வரியில் கடந்துவிடுவதும் அதே அளவுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு நேர்மாறாக நடந்தது. பெரிய நாவலை வியந்து வியந்து படித்தேன். சின்ன நாவலை முடித்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பினாங்கில் ஒரு வட்டிக்கடை முதலாளி தம் மகளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று முடிவெடுக்கும் கதை, போரும் கலகமும் கடற்பயணமுமாக விரியும் கதையைவிட ஒரு வாசகரை ஏன் கூடுதலாக உலுக்க வேண்டும்? இது என் தொழில் கோளாறா, அல்லது வேறு யாருக்கேனும் இப்படித் தோன்றியதுண்டா?

5 மார்ச்

தொழில் கோளாறு என்று நான் எழுதியதற்கு, இங்கே படித்தவர்கள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் கணக்குத் தணிக்கை செய்பவர். ஒரு நிறுவனத்தின் ஏட்டைப் பார்த்து, இந்தக் கடன் வசூலாகும், இது வசூலாகாது என்று பிரித்து எழுதுவது என் அன்றாடப் பிழைப்பில் ஒரு பகுதி. அந்தக் கண்ணோடு படித்ததால்தான் வயிரமுத்துப் பிள்ளையை எனக்கு வில்லனாகப் பார்க்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையின் வட்டிக்கடையில் தொழில் பழகியவன் செல்லையா. அவர் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். ஜப்பானியர் காலத்தில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து அவன் திரும்பி வந்தபோது பிள்ளையின் மனம் மாறியிருக்கிறது. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனி வட்டிக்கடையில் அடங்கி உட்கார மாட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. கடையோடு பெண்ணையும் கட்டிக்காக்கக்கூடிய வேறொருவனை அவர் பார்த்துவிடுகிறார்.

இதே கதையை வேறு யார் எழுதியிருந்தாலும் பிள்ளை மீசையை முறுக்கியிருப்பார், செல்லையா மேசையைத் தட்டியிருப்பான். சிங்காரம் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் அவருடைய தொழிலுக்குள் நின்று பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. அவர் செல்லையாவை வெறுக்கவில்லை. அவனை வராக்கடன் பத்தியில் எழுதிவிட்டார், அவ்வளவுதான். செல்லையாவாலும் அந்தக் கணக்கை மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அதே மனிதரின் கீழிருந்துதான் அவனும் ஆட்களை எடைபோடக் கற்றான். கற்றுக்கொடுத்தவரின் கணக்கு முறைப்படியே தனக்கு மதிப்பில்லை என்று புரிந்துகொள்ளும் ஓர் இளைஞனின் மௌனம் அந்த நாவலில் இருக்கிறது. புயலையும் பீரங்கியையும் விட அதுதான் எனக்குப் பயங்கரமாகப் பட்டது.

5 மார்ச், இரவு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்ததை நாம் இன்று பெருமையாக மட்டுமே பேசுகிறோம். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்ததையும், அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே அரங்கில் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்ததையும் பள்ளி மாணவர்கள் மேடையில் முழங்குகிறார்கள். எஸ்பிளனேடு பூங்காவில் அந்தப் படைக்கான நினைவுச்சின்னத்தை வெள்ளையர் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்ததையும், 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டதையும் நாம் அறிவோம். அந்தப் படையில் இருந்துவிட்டு வந்தவனுக்கு அவன் சொந்த ஆட்களிடையே கல்யாணச் சந்தையில் என்ன விலை கிடைத்தது என்ற கேள்வியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அதை ஒரு காதல் கதைக்குள் வைத்துக் கேட்டவர் சிங்காரம்.

7 மார்ச்

பெரிய நாவலின் புயல் அத்தியாயத்தை நான் மட்டம் தட்டுவதாக ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அப்படியில்லை. இங்கே சிங்கப்பூரில் தெம்பனிசிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பெருவிரைவு ரயிலில் வரும்போது அந்த அத்தியாயத்தைப் படித்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வாக்கியங்கள் நிற்காமல் எழும்பி விழுவதால் கண்ணை எடுப்பதற்குத் தோதான இடமே அந்தப் பக்கங்களில் கிடையாது. அலுவலகத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது ‘ரயில் கோளாறு’ என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆனால் வியப்பு ஒன்று, வலி வேறொன்று என்பதில் இன்னமும் உறுதியாக இருக்கிறேன்.

9 மார்ச்

கிட்டங்கி, அதாவது வட்டிக்கடைக்காரர்கள் தங்கித் தொழில் நடத்திய இடம்; அந்த வாழ்க்கை இளம் வாசகர்களுக்குப் புரியாமல் போவதால்தான் சின்ன நாவல் அவர்களைத் தொடுவதில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் புரிந்ததற்குக் காரணம் என் தாத்தா. அவர் அறுபதுகளில் இங்கே மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக இருந்தவர்.

வெளியிலிருந்து பார்த்தால் கிட்டங்கி ஒரு நீளமான கூடம், அவ்வளவுதான். ஒவ்வொரு கடைக்காரருக்கும் தரையில் ஒரு பாய் அளவு இடம், ஒரு மரப்பெட்டி, முதுகுக்குப் பின்னால் ஓர் அலமாரி. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. பெட்டியடிப் பையனாக வந்தவன் ஓடியாடி வேலை பழகி, அடுத்தாளாகி, நல்ல பெயர் எடுத்தால் மேலாள் ஆவான். ஒரு தவணைக்கு மூன்று ஆண்டு என்பது பொதுவான கணக்கு. தவணை முடிந்து ஊருக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மறுபடி கப்பலேற வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இன்று அதே தெருவில் 51 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ்த்தளங்களில் உள்ள உணவங்காடி நிலையத்தில்தான் பல நாள்களில் என் மதியச் சாப்பாடு.

தாத்தாவின் பெட்டி இப்போது அம்மா வீட்டில் இருக்கிறது. மேல்மூடி எழுதுவதற்கு வாகாகச் சாய்ந்திருக்கும். மூடியின் வலது ஓரத்தில், மணிக்கட்டு தேய்ந்து தேய்ந்து மரம் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளுத்துக் குழிந்திருக்கிறது. உள்ளே மூன்று அறைகள். நடு அறையின் அடியில் மை கொட்டிய கறை. ஒரு மூலையில் வெளியே தெரியாத ஒரு சின்ன இழுப்பறை, அதை இழுப்பதற்குப் பக்கத்துப் பலகையை முதலில் மேல்நோக்கித் தள்ள வேண்டும். அம்மா அதில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டண ரசீதுகளையும் மருந்துச் சீட்டுகளையும் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளையின் கடைக் காட்சிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெளுத்த குழிதான் கண்ணில் நின்றது. ஒரே இடத்தில் கையை வைத்து ஒரு மனிதன் எத்தனை ஆண்டு எழுதினால் தேக்கு அப்படித் தேயும்! செல்லையா அப்படி உட்கார மாட்டான் என்று பிள்ளை சொன்னபோது, அவர் சொல்வது உண்மைதான் என்று என் மனம் உடனே தலையாட்டியது. பிறகு எனக்கே அது கசந்தது.

10 மார்ச்

அம்மாவும் சின்ன நாவலைப் படித்துவிட்டார். அவர் கருத்தை அப்படியே தருகிறேன் (சிபிஎஃப் என்பது இங்கே சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதி): “பிள்ளை செஞ்சதுல என்ன தப்பு? சண்டைக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறவனுக்கு நான்கூடப் பொண்ணு தர மாட்டேன். சிபிஎஃப் இருக்கா, வீடு எடுக்க முடியுமான்னு பாக்க மாட்டாங்களா?”

இந்த நாவலைப் பற்றி இதைவிடக் கச்சிதமான மதிப்புரை வந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

12 மார்ச்

பினாங்கு நண்பர் ஒருவர் நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். அவருடைய வாதம் இதுதான்: பிள்ளையின் கணக்கு நியாயமானது என்று நான் சொல்லும்போது, அந்தக் கணக்கில் மரகதம் ஒரு பேரேட்டு வரியாக மட்டும் இருப்பதை நான் கவனிக்கவில்லை, செல்லையாவின் மௌனத்துக்காக உருகுகிற நான், மரகதத்தின் மௌனத்தைக் கேட்கவே இல்லை.

இதைப் பல நாள் மனத்தில் போட்டுப் புரட்டிப் பார்க்க வேண்டும். உடனடியாகத் தோன்றுவதை எழுதுகிறேன். மரகதத்தை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்காமல் இருப்பதை நாவல் அறிந்திருக்கிறதா, அல்லது நாவலும் சேர்ந்து கேட்காமல் இருக்கிறதா என்பதே கேள்வி. என் தற்போதைய எண்ணம், பாதிக்குப் பாதி என்பது. அவள் அழும் இடங்களில் ஆசிரியர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுந்து ஆண்களின் பேச்சுக்குப் போய்விடுகிறார். பெரிய நாவலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெண்கள் கதாநாயகன் பாண்டியனுடைய நினைவின் வழியாகவோ சபலத்தின் வழியாகவோதான் வந்துபோகிறார்கள். அவ்வளவு கூர்மையான கிண்டல்காரர், தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களை ‘தமிழ்ப் பேரவை’ அத்தியாயத்தில் தோலுரித்துத் தொங்கவிட்டவர், இந்த ஒரு விஷயத்தில் தம் கதாநாயகர்களைக் கிண்டல் செய்யாமல் விட்டுவிட்டார்.

ஆனால் நண்பரே, இதனால் உங்கள் முடிவை நான் ஏற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். பிள்ளை மகளைக் கேட்கவில்லை என்பதால் அவர் எளிமையான பாத்திரமாகிவிட மாட்டார். கேட்காமலே அவளுக்கு நல்லது செய்வதாக அவர் உளமார நம்புகிறார் என்பதால் இன்னும் சிக்கலாகிறார்.

13 மார்ச்

ஒரு சிறு திருத்தம். சிங்காரம் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்று இங்கே ஒருவர் குறிப்பிட்டிருந்தார். அவர் வேலைக்குப் போன ஊர் இந்தோனேசியாவின் மேடான். 1938இல், பதினெட்டு வயதளவில் போனார். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரை தினத்தந்தியில் பல்லாண்டு வேலை செய்தார். இரண்டு நாவல்களுக்கு மேல் எழுதவில்லை. நம்மூர்க்காரர் என்று உரிமை கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் பினாங்குக்காரர்களும் மேடான்காரர்களும் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறார்கள்.

17 மார்ச்

பெரிய நாவலின் முற்பகுதியை மறுபடி படித்தேன். நான் முதல் நாள் எழுதியதைச் சற்றே நகர்த்த வேண்டியிருக்கிறது.

பெரிய நாவலைச் சாகசக் கதையாகவும் சின்ன நாவலைக் கடைக் கதையாகவும் பிரித்துவிட்டு நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். அந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமானதில்லை. புயலில் மாட்டிக்கொள்ளும் அந்தத் தொங்கானில், அதாவது சரக்குத் தோணியில், இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் சரக்கோடு போகும் வியாபாரிகள். அலை தலைக்கு மேல் எழும்போது உயிர்ப்பயத்தோடு சரக்குப் பயமும் கூடவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. புயல் அத்தியாயத்தைத் தனியே கிழித்தெடுத்துப் பாராட்டும் வழக்கத்தில் இந்தச் செய்தி உதிர்ந்துவிடுகிறது. மேடானில் இருந்துகொண்டு பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைவில் நடந்து பார்க்கும் பக்கங்களும் அப்படித்தான். வெறும் ஊர் ஏக்கமாக அதைப் படித்திருந்தேன். இந்த முறை அது ஒரு கடை ஆளின் நினைவாகப் பட்டது: எந்தத் தெருவில் என்ன விற்கும், எந்த நேரத்தில் எந்தக் கூட்டம் வரும், யார் எப்படிக் கூவி அழைப்பார்கள் என்று ஒரு நகரத்தை விற்பனையும் நடமாட்டமுமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிற நினைவு.

ஆகவே இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு நாவல்களிலும் ஒரே வகை இளைஞன்தான் இருக்கிறான். கடையில் பழகி, போரால் வெளியே தூக்கி எறியப்பட்டு, துப்பாக்கி பிடித்தவன். செல்லையா திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார விரும்புகிறான், இடம் மறுக்கப்படுகிறது. பாண்டியனுக்கோ திரும்பி உட்காரவே மனம் ஒப்பவில்லை. இந்தோனேசியர்களின் விடுதலைப் போருக்குள் போய்விடுகிறான், ஊர் நினைப்பு அவனை இழுக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஒருவன் கடையிலிருந்து தள்ளப்பட்டவன், மற்றவன் கடையை உதறியவன். இரண்டுக்கும் பின்னால் இருக்கிற மூன்றாவது வாழ்க்கை ஆசிரியருடையது: திரும்பி வந்து, ஒரு பத்திரிகை அலுவலக மேசையில் உட்கார்ந்து, மதுரையில் விடுதி அறை ஒன்றில் தனியே வாழ்ந்து முடித்தவர்.

எழுத்தாளரின் வாழ்க்கையைக் கதைக்குள் இழுப்பது மலிவான வேலை என்று வாதிடுகிற கூட்டத்தில்தான் நான் வழக்கமாக இருப்பேன். இந்த ஒரு முறை விலக்கு எடுத்துக்கொள்கிறேன்.

18 மார்ச்

“அப்படியானால் பெரிய நாவல்தான் பெரியது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெரியது என்பதில் எனக்கு என்றுமே சந்தேகமில்லை. பக்க எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

21 மார்ச்

வாழைமரத் தாள்களைப் பற்றி ஒரு குறிப்பு. பிள்ளையின் மனமாற்றத்தை நான் தொழில் புத்தியாக விளக்கியபோது ஒரு பின்னணியைச் சேர்க்கத் தவிர்த்தேன். நாவலுக்கு வெளியே போக வேண்டியிருக்கும் என்பதால். ஆனால் அது இல்லாமல் அவருடைய அச்சம் முழுமையாக விளங்காது.

ஜப்பானியர் மலாயாவில் புழக்கத்தில் விட்ட தாள்களில் பத்து வெள்ளித் தாளில் வாழை மரம் இருந்ததால் அந்தப் பெயர். அளவில்லாமல் அச்சடித்ததால் மதிப்பு சரிந்துகொண்டே போனது. ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறும் காகிதமாயின. இதில் வட்டிக்கடைக்காரர் நிலையை யோசித்துப் பாருங்கள். போருக்கு முன் நல்ல வெள்ளியாகக் கடன் கொடுத்தவர், மதிப்புப் போன தாளில் அசலையும் வட்டியையும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். வாங்க மறுத்தால் ஜப்பானியர் பணத்தை அவமதித்த குற்றம். வாங்கிக்கொண்டால் சொத்து கரையும். ஏட்டில் கணக்கு நேராகும், கையில் ஒன்றும் மிஞ்சாது. தணிக்கை செய்கிற எனக்கு இதைவிடக் கொடிய கனவு கிடையாது.

அப்படிப்பட்ட மூன்றரை ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒரு முதலாளி, இனி நிச்சயமானதை மட்டுமே நம்புவேன் என்று ஆகிவிடுவதில் வியப்பில்லை. செல்லையா நிச்சயமற்ற ஆள்.

24 மார்ச்

மெல்லப் பாதை மாறுகிறேன், ஆனால் விஷயத்தை விட்டு அல்ல. சிங்காரத்தை முடித்த கையோடு, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எடுத்தேன். மலேசியத் தமிழ் எழுத்தில் அந்த ரயில் பாதையைப் பேசுகிற படைப்புகளுள் ஒன்று. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் தண்டவாளம் இரு பக்கமும் இணைந்தது. நேதாஜி இங்கே கேத்தேயில் அரசாங்கம் அறிவித்த அதே மாதம்.

அதைப் படித்துவிட்டுச் சிங்காரத்திடம் திரும்பினால் ஒரு வெற்றிடம் கண்ணில் படுகிறது. அவருடைய உலகம் நகரத்துத் தமிழர்களின் உலகம்: கடை, கிட்டங்கி, பாசறை, மதுக்கடை. தோட்டத்துத் தமிழன் அங்கே பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறான். பேரேட்டில் பெயர் இருப்பவர்களைப் பற்றிச் சிங்காரம் எழுதினார். ஆள் எண்ணிக்கையாக மட்டும் எழுதப்பட்டவர்களைப் பற்றி எழுதும் வேலை மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது. இதைக் குறையாகச் சொல்கிறேனா என்றால், இல்லை. அவர் தமக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனால் தென்கிழக்காசியத் தமிழரின் போர்க்கால நாவல் என்று அவருடையதை மட்டும் கைகாட்டுவதை நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிறது.

கதை சொல்லும் கலையை மட்டும் பார்த்தால் சிங்காரம் எங்கோ உயரத்தில் இருக்கிறார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரயில் நாவலில் சில இடங்களில் துயரத்தின் எடையே பக்கங்களைப் புரட்ட வைக்கிறது, வாக்கியங்கள் அல்ல.

25 மார்ச்

மேலே எழுதிய கடைசி வாக்கியத்துக்காக வசை வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டேன். கருத்தை மாற்றவில்லை.

29 மார்ச்

எந்த வரிசையில் படிப்பது என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார். சின்ன நாவலை முதலில் படியுங்கள். பெரியதை முதலில் படித்தவர்கள் அதன் வேகத்துக்குப் பழகிவிட்டுச் சின்னதில் ஒன்றும் நடக்கவில்லை என்று சலிக்கிறார்கள். முதலில் கிட்டங்கியின் தரையில் உட்கார்ந்து பழகிவிட்டால், பிறகு பாண்டியன் எதை உதறிவிட்டுப் போகிறான் என்பது எடையோடு தெரியும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் என் பிரதியைத் தருகிறேன். ஓரக் குறிப்புகளில் பாதி வட்டிக் கணக்காக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கு நண்பர் விடுவதாக இல்லை. மரகதத்தின் பார்வையில் அந்தக் கதையை யாராவது மறுபடி எழுத வேண்டும் என்கிறார். எழுதட்டும், முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் அதில் பிள்ளையைக் கொடுமைக்காரராக்கினால் அந்தப் புத்தகத்தோடும் இதே போல் சண்டை பிடிப்பேன் என்று இப்போதே எழுதிவைக்கிறேன்.